பாடம் 6: அடுப்பை நாமே திருத்துவோம் – மண் அடுப்பும் உமி அடுப்பும்

ஊருக்குத் திரும்பிய குடும்பம் முதல் நாளே மூட்டுவது அடுப்பு. தறப்பாள் கட்டி முடியுமுன்பே மூன்று கல்லை வைத்துத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிடுவார்கள். அந்த மூன்று கல்லும் பெரும்பாலும் இடிந்த வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தவை. இரண்டு கிழமைக்கென்று வைத்த அந்த அடுப்பு இரண்டு வருடமாக அப்படியே இருப்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

பல குடும்பங்களுக்கு இப்போது இரண்டு வாய் மண் அடுப்பு கிடைத்திருக்கிறது. சிலர் தாங்களே கட்டியிருக்கிறார்கள். நெல் குற்றும் ஆலைகளுக்குக் கிட்ட இருப்பவர்கள் தகரப் பேணியில் உமி அடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் வீடு வீடாகப் போகும்போது நாங்கள் காண்பது வேறு. அடுப்பு ஒரு மூலையில் பிளந்து கிடக்கும். அம்மா பக்கத்தில் மறுபடியும் மூன்று கல்லை வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார். கண்டாவளைப் பக்கம் ஒரு வீட்டில் கேட்டபோது அந்த அம்மா சொன்னார்: "அடுப்பு நல்லாத்தான் எரியுது தம்பி, சட்டிதான் கொதிக்குதில்லை." அவர் சொன்னது சரியான கணிப்பு. நெருப்பு இருந்தது, சூடு சட்டிக்குப் போகவில்லை. அந்த அடுப்பைத் திருத்த எங்களுக்கு ஒரு கடகம் மண்ணும் அரை நாளும்தான் தேவைப்பட்டன.

இந்தப் பாடம் புது அடுப்புக் கட்டுவதைப் பற்றியது அல்ல. இருக்கிற அடுப்பின் குறையைக் கண்டுபிடித்து, காசு செலவில்லாமல் திருத்துவதைப் பற்றியது.

விறகு என்றால் காடு

மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி பக்கத்தால் காற்றோடு போய்விடுகிறது. நெருப்பைச் சுற்றி மண்சுவர் உள்ள அடுப்பு அந்தச் சூட்டைப் பிடித்துச் சட்டியின் அடிக்குத் திருப்புகிறது. இலங்கையில் பரவலாக அறியப்பட்ட 'அனகி' அடுப்பு இந்த வகைதான். 1980களில் இலங்கை மின்சார சபையும் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு என்ற பிரித்தானிய நிறுவனமும் சேர்ந்து இதை உருவாக்கின. குயவர் கிராமங்களில் செய்து விற்கப்பட்டது. சிங்களத்தில் 'அனகி' என்றால் விலைமதிப்பற்றது என்று பொருள். மூன்று கல்லோடு ஒப்பிட்டால் இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விறகு மிஞ்சும். அதாவது, கிழமைக்கு மூன்று தடவை விறகுக்குப் போகும் ஒருவர் இரண்டு தடவையோடு நிறுத்தலாம்.

வேறு ஊரில் இது நேரக் கணக்கு. வன்னியில் இது உயிர்க் கணக்கும்கூட. மிதிவெடி அகற்றுபவர்கள் முதலில் துப்புரவு செய்தது வீடுகள், பாதைகள், கிணறுகள், பாடசாலைகள், வயல்கள். காடும் பற்றைகளும் கடைசியில்தான் வரும். விறகோ அங்கேதான் இருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் நல்ல பாலை விறகு காய்ந்து கிடக்கிறது என்று தெரிந்தும் போகாமல் இருப்பதற்கு, வீட்டில் இருக்கிற விறகு போதும் என்ற நிலை வேண்டும். பிளந்த அடுப்பு அந்த நிலையைக் கெடுத்துவிடும்.

அடுப்பில் கை வைக்க முன் நிலத்தைப் பாருங்கள்

அடுப்பைத் திருத்தும்போது பலர் அதை இடம் மாற்றுவார்கள். குசினியை மழைக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளிப் போடுவார்கள். அப்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலத்துக்குள் புதைந்து கிடக்கும் வெடிக்காத வெடிபொருள் மேலே நெருப்பு எரியும்போது சூடேறி வெடிக்கலாம். குப்பை எரித்த இடத்திலும் புதிதாக நெருப்பு மூட்டிய இடத்திலும் இப்படி வெடித்து ஆட்கள் காயப்பட்ட சம்பவங்கள் மீள்குடியேறிய இடங்களில் நடந்திருக்கின்றன. ஆகவே துப்புரவு செய்து ஒப்படைக்கப்பட்ட வளவுக்குள், ஏற்கெனவே நீங்கள் நடந்து புழங்குகிற இடத்தில் மட்டும் அடுப்பை வையுங்கள். நிலத்தில் நேரே வைக்காமல், கல்லும் மண்ணும் போட்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி அதன்மேல் வைப்பது எல்லா வகையிலும் நல்லது. மேடை இருந்தால் மழைத்தண்ணீரும் அடுப்பின் அடியை அரிக்காது, குனிந்து குனிந்து இடுப்பும் நோகாது.

இரும்பு விடயத்திலும் இதே கவனம் வேண்டும். சட்டியைத் தாங்குவதற்கு எறிகணைக் கோதை நிமிர்த்தி வைத்த அடுப்புகளை நாங்கள் கண்டிருக்கிறோம். பார்வைக்கு வெறுங்கோதுதான். ஆனால் உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறதா, அடியில் உள்ள சிறு வெடிப்பி வெடித்ததா இல்லையா என்று பார்வையால் சொல்ல முடியாது. வளவில் அப்படி ஒன்றைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ மிதிவெடி அகற்றும் பணியாளருக்கோ சொல்லுங்கள். அடுப்புக்குக் கால் வேண்டுமென்றால் உடைந்த செங்கல் போதும்.

அடுப்புக்கு என்ன குறை?

அடுப்பு ஆறியிருக்கும் ஒரு காலைப்பொழுதில், சாம்பலை அள்ளிவிட்டு, கீழே சொல்லும் ஒழுங்கில் பாருங்கள். ஒழுங்கு முக்கியம், முதல் இரண்டிலேயே பாதி அடுப்புகளின் குறை தீர்ந்துவிடும்.

முதலாவது, சாம்பல். நெருப்புக்கு விறகு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். விறகுக்குக் கீழேயும் காற்றுப் போக வேண்டும். சாம்பல் நாலு விரல் உயரத்துக்கு ஏறிவிட்டால் விறகு சாம்பலில் படுத்து மூச்சுத் திணறும், புகைதான் வரும். முதல் அடுப்பிலிருந்து பக்கத்துக் கொடியடுப்புக்குச் சூடு போகும் துளையையும் பாருங்கள். அதை யாரும் துப்புரவு செய்வதில்லை. ஓர் ஈர்க்குக்கட்டை உள்ளே விட்டு இழுத்தால் கரியும் சாம்பலும் கை நிறைய வரும். "கொடியடுப்பிலை ஒண்டும் கொதிக்காது, அது சும்மா" என்று சொன்ன வீடுகளில் பெரும்பாலும் துளை அடைத்துத்தான் இருந்தது.

இரண்டாவது, குமிழ். சட்டியைத் தாங்கும் மூன்று குமிழும் நாளடைவில் தேயும். தேய்ந்தால் சட்டி அடுப்பு வாயில் போய் ஒட்டி உட்காரும். புகை வெளியேற வழியில்லாமல் விறகு வைக்கும் வாயால் முகத்துக்கு அடிக்கும். மாறாக, குமிழைப் பெரிதாகக் கட்டியிருந்தால் சட்டி உயரத்தில் நின்று சூடு முழுவதும் பக்கத்தால் போகும். அளவு இதுதான்: சட்டியை வைத்தபின் சட்டிக்கும் அடுப்பு விளிம்புக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும், பெருவிரல் நுழையக் கூடாது. நீங்கள் வழமையாகச் சோறு சமைக்கும் பானையை வைத்தே பாருங்கள். முகாமில் கொடுத்த அலுமினியப் பானைக்கும் வீட்டு மண்சட்டிக்கும் அடி வளைவு வேறு. ஒன்றுக்கு அளவெடுத்துக் கட்டிய குமிழ் மற்றதுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, சுவர். எல்லா மண் அடுப்பிலும் மயிர்க்கீறல்கள் இருக்கும்; அவற்றால் பாதகமில்லை. சுவரை ஊடறுத்துப் போகும் பிளவுதான் குறை. இரண்டையும் வேறுபடுத்த, வெளிப்பக்கத்தில் கீறலை ஒட்டிக் கரும்புகைக் கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் அது ஊடறுத்த பிளவு. இருட்டியபின் அடுப்புக்குள் ரோச் லைற்றை வைத்து வெளியே நின்று பார்த்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.

நாலாவது, அடி. அடுப்பை இரு கையாலும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடியில் மண் கரைந்திருக்கிறது. ஆடும் அடுப்பின் பிளவை எத்தனை முறை அடைத்தாலும் திரும்பப் பிளக்கும். முதலில் அடியில் மண்ணைத் திணித்து நிலைப்படுத்த வேண்டும்.

மண் எங்கே, எந்த மண்?

திருத்த வேலையின் வெற்றி தோல்வி முழுவதும் மண்ணில் இருக்கிறது. இதில் கொஞ்சம் நேரம் எடுப்போம்.

எங்கள் பக்கத்து முதியவர்கள் அடுப்புக்கு எடுப்பது புற்றுமண். கறையான் மண்ணைத் தன் எச்சிலோடு குழைத்துக் கட்டுவதால் அது கல்லில்லாமல் மாவாகவும், நல்ல பிடிப்போடும் இருக்கும். கறையான் விட்டுப்போன பழைய புற்றாகப் பார்த்து எடுங்கள். பாம்பு குடியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; தடியால் தட்டி, கொஞ்ச நேரம் விட்டு, பகலில் வெட்டுங்கள். நாகதம்பிரானுக்கு என்று விட்ட புற்றில் கை வைக்க வேண்டாம். துப்புரவு செய்யாத பற்றைக்குள் நிற்கும் புற்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். புற்று இல்லையென்றால் வயற்களியோ குளத்துக் களியோ எடுத்து, காயவைத்து, இடித்து, அரித்துப் பயன்படுத்தலாம்.

களி மட்டும் போட்டால் காயும்போது சுருங்கிப் பிளக்கும். மணல் மட்டும் கூடினால் உதிரும். ஆகவே சேர்க்கை வேண்டும். நெருப்புப் படும் உட்பக்கத்துக்கு மூன்று சிரட்டை புற்றுமண்ணுக்கு ஒரு சிரட்டை அரித்த உமிச்சாம்பல். உமிச்சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். சூட்டுக்கு அசையாது, சுருக்கத்தையும் குறைக்கும். வெளிப்பூச்சுக்கு இரண்டு சிரட்டை புற்றுமண், ஒரு சிரட்டை உமி அல்லது விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கல், அரைச் சிரட்டை மாட்டுச்சாணம். வைக்கலும் சாணத்தில் உள்ள நாரும் மண்ணை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, ரொட்டிமாப் பதத்துக்குக் குழைத்து, ஈரச்சாக்கால் மூடி ஓர் இரவு விடுங்கள். அன்றே குழைத்து அன்றே பூசினால் பிடிப்பு குறைவு.

எந்த வளவு மண்ணும் மற்ற வளவு மண்ணைப் போல் இருக்காது. எனவே மேலே சொன்ன அளவை அப்படியே நம்பிப் பூச வேண்டாம். குழைத்த மண்ணில் எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்று பிடித்து நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். உருண்டை பிளந்தால் சாம்பலோ அரித்த மணலோ கூட்டுங்கள். விரலால் உரசும்போது மாவாக உதிர்ந்தால் புற்றுமண்ணைக் கூட்டுங்கள். பிளக்காமலும் உதிராமலும் காய்ந்தால் அதுதான் உங்கள் வளவுக்குரிய சேர்க்கை.

மூன்று பொருட்களைத் தவிர்க்கவும். வீட்டுத்திட்டத்தில் மிஞ்சிய சீமெந்து முதலாவது. "மண்ணைவிடச் சீமெந்து பலம்தானே" என்று பலர் பூசிவிடுகிறார்கள். சீமெந்து தண்ணீரைத் தன்னோடு கட்டிவைத்துத்தான் கல்லாகிறது. அடுப்புச் சூட்டில் அந்தத் தண்ணீர் வெளியேறிவிடும். சில கிழமையில் பாளம் பாளமாகக் கழன்று விழும். சுவரிலிருந்து எடுத்த கொங்கிறீற் துண்டை அடுப்புக் கல்லாக வைப்பதும் இதனால்தான் நல்லதல்ல. சூட்டில் அதன் முகம் தெறிக்கும். இரண்டாவது, கடல்மணல். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணலோடு வரும் சிப்பித் துண்டுகள் நெருப்பில் சுண்ணாம்பாகும். பிறகு ஈரம் பட்டதும் ஊதிப் பூச்சைப் பெயர்க்கும். மூன்றாவது, குளத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ அப்போதே எடுத்த ஈரக்கல். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கல்லைத் தெறிக்க வைக்கும்.

பிளவை அடைத்தல்

பிளவின்மேல் மண்ணை அப்பி விரலால் தடவிவிட்டால் அது இரண்டு நாள்தான் நிற்கும். பழைய மண் காய்ந்தது, புது மண் ஈரமானது. இரண்டும் ஒட்டுவதற்கு வேலை செய்ய வேண்டும்.

அடுப்பை முழுநாள் ஆறவிடுங்கள். பழைய கத்தியால் பிளவை வெளிப்பக்கம் அகலமாகவும் உட்பக்கம் ஒடுக்கமாகவும் வெட்டி, பெருவிரல் படுக்கும் அளவுக்கு வாய்க்கால்போல ஆக்குங்கள். கரியும் உதிர்மண்ணும் போகத் தட்டித் துடைத்து, தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சியபின் திரும்பத் தெளியுங்கள். மூன்றாம் முறை தண்ணீர் உறிஞ்சப்படாமல் மினுங்கும். அப்போது சேர்க்கை மண்ணைக் கரைத்துக் கூழாக ஒரு பூச்சுப் பூசி, அதன்மேல் பதமான மண்ணை உள்ளங்கையின் அடியால் அழுத்தித் திணியுங்கள். நிரம்பியபின் மேலே மட்டமாகத் தடவாமல் கொஞ்சம் மேடாகவே விடுங்கள், காயும்போது இறங்கும். அடுத்த நாள் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய கீறல் விழுந்திருக்கும். ஈரத்துணியால் நனைத்து, மிளகாய் அரைக்கும் குழவி போன்ற வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேயுங்கள். இந்த இரண்டாம் நாள் வேலையைச் செய்யாதவர்கள்தான் "மண் பிடிக்கேல்லை" என்று சொல்பவர்கள்.

குமிழைக் கட்டும்போதும் இதே முறை. பழைய குமிழைச் சுரண்டி முரடாக்கி, நடுவில் ஒரு சிறு செங்கல் துண்டை வைத்து அதைச் சுற்றி மண்ணைப் பிடியுங்கள். வெறும் மண்குமிழ் பானையின் பாரத்தில் நசியும். ஈரமாக இருக்கும்போதே பானையை மெல்ல வைத்து எடுத்தால் மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

வாங்கிய சுட்ட அடுப்பை வெறுமனே வைத்துப் பயன்படுத்துபவர்கள் அதைச் சுற்றி வெளிப்பூச்சுச் சேர்க்கையால் மூன்று விரல் தடிப்புக்கு மண் கட்டுங்கள். வெறுமனே வைத்தால் ஒரு வருடத்தை ஒட்டி உடைந்துவிடும். மண் கட்டினால் மூன்று வருடம்வரை பாவிக்கலாம். பொங்கி வழியும் சோற்றுக்கஞ்சி சூடான ஓட்டில் பட்டுப் பிளப்பதையும் அந்தப் பூச்சு தடுக்கும்.

காய்வதற்கு நிழலில் மூன்று நாள். மாரியில் ஒரு கிழமை. வெயிலில் வைத்தால் மேற்பக்கம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பிறகு முதல் நெருப்பைக் காவோலையாலோ சிறு சுள்ளியாலோ கால் மணித்தியாலம் மட்டும் எரித்து ஆறவிடுங்கள். அந்த மூன்று நாளும் சமைக்க என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். பக்கத்து வீட்டோடு முறை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கிழமை உங்கள் அடுப்பு, அடுத்த கிழமை அவர்களுடையது. நாங்கள் பார்த்த அளவில், தனியே திருத்தியவர்களைவிட இப்படி இரண்டு வீடு சேர்ந்து திருத்தியவை ஒழுங்காகக் காய்ந்திருந்தன, அவசரப்படத் தேவையில்லாததால்.

உமி அடுப்பு

வன்னியில் நெல்லுக்குக் குறைவில்லை. நூறு கிலோ நெல் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி வரும். காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஆலைகளின் பின்பக்கம் உமி குவிந்து கிடக்கும். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு நிலவிய 1990களில் தகரப் பேணியில் மரத்தூளும் உமியும் அடைத்துச் சமைத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே அடுப்புத்தான் இது.

இருபது லீற்றர் அளவு தகரப் பேணியின் பக்கத்தில், அடியோடு ஒட்டி, போத்தல் வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளை. உள்ளே நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, பக்கத் துளையால் ஒரு தடியை அதன் அடிவரை விட்டு, சுற்றிவர மரத்தூளையும் உமியையும் அடுக்கடுக்காகப் போட்டு உலக்கையால் இடிக்க வேண்டும். பிறகு தடியை இழுத்து, போத்தலைத் திருகி எடுத்தால் நடுவே புகைபோக்கிபோல ஒரு குழாய் நிற்கும். பக்கத் துளையால் நெருப்பு வைத்தால் உட்சுவர் மெல்ல மெல்ல எரிந்து வரும். நன்றாக இடித்த ஒரு பேணி இரண்டு மூன்று மணித்தியாலம் எரியும்.

இதில் வரும் முதற்குறை, நடுக்குழாய் சரிவது. எரியும் வழியில் சரிந்தால் சுவாலை அணைந்து கரும்புகை எழும்பும். காரணம் பெரும்பாலும் தனி உமி. உமி வழுக்கும் பொருள், ஒன்றோடொன்று பிடிக்காது. இரண்டு பங்கு மரத்தூளுக்கு ஒரு பங்கு உமி என்று கலந்து, கை நனைத்துத் தெளிக்கும் அளவு ஈரம் காட்டி இடித்தால் நிற்கும். சரிந்த அடுப்பைத் தடியால் கிளற வேண்டாம். பேணியை வெளியே திறந்த இடத்தில் விட்டுத் தானாக அடங்கவிடுங்கள். எரியும்போது பேணியை நகர்த்துவதும், கனமான பானையைத் தொப்பென்று வைப்பதும் குழாயைச் சரிக்கும்.

இரண்டாவது குறை, தகரத்தின் அடி துருப்பிடித்து உக்குவது. மரவிறகின் சாம்பல் மிகக் கொஞ்சம். உமியில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதை அள்ளாமல் விட்டால் காற்றுத்துளை அடைபடும், மாரி ஈரத்தை இழுத்துத் தகரத்தை அரிக்கும். ஒவ்வொரு முறையும் கொட்டுங்கள். பேணியின் உட்புறம் முழுவதும் ஒரு விரல் தடிப்புக்கு உட்பூச்சு மண்ணைப் பூசிக் காயவிட்டால் நெருப்பு தகரத்தில் நேரே படாது. ஏற்கெனவே அடி போன பேணியை எறிய வேண்டாம். அரை அங்குலத் தடிப்பில் மண் அடி போட்டு மூன்று செங்கல்லின்மேல் நிறுத்தினால் இன்னொரு போகம் ஓடும். கிருமிநாசினி இருந்த தகரத்தை மட்டும் எவ்வளவு கழுவினாலும் அடுப்பாக்க வேண்டாம்.

சாம்பலைக் கொட்டும்போது தண்ணீர் தெளித்துக் கொட்டுங்கள். உமிச்சாம்பல் தூசு நெஞ்சுக்குக் கூடாது. மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே பல மணித்தியாலம் தணல் இருக்கும். வெறுங்காலோடு ஓடித் திரியும் பிள்ளைகள் இருக்கும் வளவில் சாம்பற்குழியைச் சுற்றி நாலு கம்பு நட்டு மறைப்புக் கட்டுங்கள். ஆறிய சாம்பல் பாத்திரம் துலக்கவும், மலசலகூடக் குழிக்குப் போடவும், மேலே சொன்ன மண்சேர்க்கைக்கும் உதவும்.

உமியோ மரத்தூளோ மெல்லப் புகைந்து எரியும்போது மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வெளிவரும். எனவே இராச் சமையல் முடிந்தபின் மிச்சத் தணல் உள்ள பேணியைக் குளிருக்கென்று படுக்கும் கொட்டிலுக்குள் வைக்கக் கூடாது. தறப்பாளால் நாலுபக்கமும் மூடிக் கட்டிய கொட்டில் இதற்கு மிக மோசமான இடம். தலையிடி, வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே எல்லோரும் வெளியே வர வேண்டும்.

சோளச் சக்கை

நெடுங்கேணி, செட்டிகுளம் பக்கம் மேட்டுநிலத்தில் சோளம் போடுபவர்கள் மணியை உதிர்த்தபின் சக்கையை எறிந்துவிடுகிறார்கள். இரண்டு கிழமை நன்றாகக் காய்ந்த சக்கை நல்ல எரிபொருள். சீக்கிரம் பற்றி, சீக்கிரம் முடியும். எனவே நெருப்பு மூட்டவும், தேநீர் வைக்கவும், புட்டு அவிக்கும்போது சுவாலையைத் தூக்கவும் ஏற்றது. நீண்ட சமையலுக்கு ஊமலையோ விறகையோ கூடச் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சோளமணியையே எரிபொருளாகப் போட்டுக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் இருக்கின்றன. நம்மிடம் சாப்பாட்டுக்குப் போக மணி மிஞ்சுவதில்லை. அந்தக் கதை நமக்கு வேண்டாம். ஆனால் அந்த அடுப்பு வைத்திருப்பவர்கள் படும் பாடு ஒன்று நமக்கும் உண்டு: சோளச் சாம்பல் சூட்டில் இளகி, ஆறும்போது கட்டியாக இறுகும். அதில் உள்ள பொற்றாசியமே காரணம். சக்கை எரித்த அடுப்பின் அடியில் தட்டையாக ஓடு போன்ற கட்டிகள் கண்டால் பயப்பட வேண்டாம். ஆறியபின் ஒரு கம்பியால் கிளப்பி எடுத்துவிடுங்கள். அலவாங்கால் குத்தினால் அடுப்பின் அடியும் சேர்ந்து பெயரும்.

புகையும் கூரையும்

நன்றாகத் திருத்திய அடுப்பிலும் புகை வரும். 2012ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் உலகில் 43 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. குசினியில் எதிரெதிராக இரண்டு திறப்பு இருக்கட்டும். ஒன்று உயரத்தில், கூரைக்குக் கிட்ட. அடுப்பை ஊதும்போது மடியில் குழந்தையை வைத்திருக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். குழந்தையின் முகம் அப்போது சரியாகப் புகையின் உயரத்தில் இருக்கும்.

கிடுகுக் கூரையானால் அடுப்புக்கும் மறைப்புக்கும் இடையே ஒரு கை நீள இடைவெளி விட்டு, அடுப்புக்குப் பின்பக்க மறைப்பில் ஆள் உயரத்துக்கு மண் பூசிவிடுங்கள். ஒரு வாளி மணல் எப்போதும் அருகில் இருக்கட்டும். விறகை அடுப்பின்மேல் பரண் கட்டி உலர்த்துபவர்கள் பரணைத் தகரத்தால் கட்டினால் நல்லது.

எப்போது திருத்துவது

புரட்டாதி பிறக்குமுன் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கியபின் மண் காயாது, உமி காயாது, விறகும் காயாது. எல்லாம் ஒன்றாக வந்து சேரும். மாசி, பங்குனியில் ஆலையில் உமி எடுப்பவர்கள் உரப்பையில் கட்டி, நிலத்தில் படாமல் தடிகளின்மேல் அடுக்கித் தறப்பாளால் மூடினால் மாரி முழுவதும் பாவிக்கலாம். வருடத்தில் ஒருமுறை இந்த வேலை. கிழமைக்கு ஒருமுறை கொடியடுப்புத் துளையையும் குமிழையும் பார்ப்பது போதும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வளவு மண்ணில் மூன்று உருண்டை செய்து, காயவைத்துக் கொண்டு வாருங்கள்: ஒன்று தனி மண், ஒன்று சாம்பல் கலந்தது, ஒன்று சாணமும் உமியும் கலந்தது. எந்த மண், எங்கே எடுத்தது என்று நினைவில் வைத்திருங்கள். எல்லா உருண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், முதலில் யாருடைய அடுப்பைத் திருத்துவது என்று அங்கேயே முடிவு செய்வோம்.